தாளிப்பு வடகம் நடுவில் பூசணம் பிடிக்கிறது, உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சித்திரையில் முதல் முறையாக நானே வெங்காய வடகம் போட்டேன். அம்மாவுக்கு இப்போது நினைவு தடுமாறுகிறது. அவர் நோட்டில் அளவு மட்டும்தான் இருக்கிறது, பக்குவம் இல்லை.

2 கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ பூண்டு, உடைத்த உளுந்து 200 கிராம், கடுகும் சீரகமும் தலா 100, வெந்தயம் 50, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல் உப்பு. வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, எல்லாம் பிசைந்து ஓர் இரவு மூடி வைத்தேன். மறுநாள் பிழிந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக வெயிலில் வைத்தேன். பிழிந்த தண்ணீரைக் கொட்டவில்லை. மாலையில் உருண்டைகளை உதிர்த்து அதிலேயே பிசைந்தேன், மூன்று நாளில் முழுக்க இழுத்துக்கொண்டது.

ஏழாம் நாள் மேலே நன்றாகக் காய்ந்திருந்தது. ஒன்றை உடைத்தால் நடுவில் ஈரம். இன்னும் இரண்டில் வெள்ளைப் பூசணம், அவற்றை எறிந்துவிட்டேன். மனசே கேட்கவில்லை.

எங்களுடையது அடுக்குமாடி வீடு, மொட்டை மாடி பூட்டியே இருக்கும். பால்கனியில் காலை 8 முதல் 11 வரைதான் வெயில்.

மீதியை உதிர்த்துக் காயவைத்துக் கடைசியில் உருட்டலாமா? அல்லது நெல்லிக்காய் அளவில் சின்னதாகப் பிடித்தால் போதுமா? அப்புறம், விளக்கெண்ணெயை உருட்டும்போதே சேர்ப்பீர்களா, காய்ந்த பிறகா? பால்கனியில் போட்டுப் பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவி. கீரைக் கடைசலில் அம்மா வீட்டு வாசனை வர வேண்டும், அவ்வளவுதான்.