நீச்சல் குளத்தில் நாலு பிள்ளைகள், பார்க்க நான் ஒருத்திதான்

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். அடுத்த வாரம் பாளையங்கோட்டையிலிருந்து என் பிள்ளைகளையும் நாத்தனார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் போகிறேன், கூட வேறு பெரியவர்கள் யாரும் இல்லை. குளம் ரொம்பப் பெரியது, ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆள் மூழ்கும் ஆழம். மூத்தவள் தாமிரபரணியில் நீந்திப் பழகியவள், அவளை விட்டுவிடு என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. கடைக்குட்டிக்கு நாலு வயசு, கை எட்டும் தூரத்தில் நான் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும், அப்புறம் மற்ற மூன்று பேரை யார் பார்ப்பது? மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, அதுதான் பயம். காற்றடைத்த டியூப் கவிழ்ந்துவிடும், அதை நம்பமாட்டேன். நீலச் சட்டை தண்ணீரில் தெரியாது என்று ஆரஞ்சு பனியன் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டிரண்டு பேராக இறக்கலாமா? ஒருத்திக்கு பாத்ரூம் வந்தால் எல்லோரையும் கரையேற்றித்தான் ஆக வேண்டுமா? சின்னப் பிள்ளைக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் திருநெல்வேலியில் எங்கே கிடைக்கும்?