எங்கள் தெருவுக்கு குரூப் ஹோம் வந்த கதை – உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

டாலஸ் பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து வாழ ஒரு குரூப் ஹோம் தொடங்க அனுமதி கேட்டிருந்தார்கள். டெக்சாஸில் சோனிங் (எந்த இடத்தில் எதைக் கட்டலாம், நடத்தலாம் என்ற நகராட்சி விதி) மாற்றம் என்றால் 200 அடிக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நகராட்சி கடிதம் போட வேண்டும். கடிதம் வந்த அன்றே நம் தமிழ் வாட்ஸப் குழுவில் எதிர்ப்பு மனு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, கையெழுத்துப் போட்டாச்சா? பிள்ளைங்க விளையாடுற தெரு" என்று பக்கத்துத் தெரு அண்ணன் போன் செய்தார். "அண்ணா, யார் வரப்போறாங்கன்னு முதல்ல பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பொது விசாரணைக்குப் போனேன்.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம். பார்க்கிங், டிராஃபிக், கழிவுநீர்க் குழாய், வீட்டு விலை என்று ஒவ்வொருவராக அடுக்கினார்கள். அங்கே தங்கப்போகிற ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது என்று நடத்துபவர் விளக்கினார். அடுத்து எழுந்தவரும் பார்க்கிங்கைத்தான் பேசினார். பிறகு ஒரு வயதான அம்மா மைக்கைப் பிடித்தார். தன் மகன் பல வருடமாக நம் ஏரியா சூப்பர்மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுத் தருபவன் என்றும், இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அவனைத் தெரியும் என்றும் சொன்னார். எனக்கும் தெரியும். முட்டையை எப்போதும் மேலே வைத்துத் தருவான்.

அன்றிரவு கிளெபர்ன் வழக்கைத் தேடிப் படித்தேன். கிளெபர்ன், ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர். 1980இல் அங்கே பதின்மூன்று பேருக்கு இப்படி ஒரு வீடு தொடங்கப் பார்த்தார்கள். அதே இடத்தில் அபார்ட்மென்டோ, முதியோர் இல்லமோ, மாணவர் விடுதியோ கட்ட சிறப்பு அனுமதி வேண்டாம். இவர்களுக்கு மட்டும் வேண்டும். நகர சபை மூன்றுக்கு ஒன்று என்று வாக்களித்து மறுத்தது. எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது ஒரு காரணம். அந்தப் பள்ளியிலேயே சுமார் முப்பது அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்! ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரலாம் என்று கணக்கிட்ட இடம் என்பது இன்னொரு காரணம். முதியோர் இல்லத்துக்கு வராத வெள்ளம் இவர்களுக்கு மட்டும் வருமா? 1985இல் உச்ச நீதிமன்றம், இந்த மறுப்புக்குப் பின்னால் இருப்பது காரணமற்ற வெறுப்புதான் என்று கருதி அதை ரத்து செய்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்ட பேச்சும் ஏறக்குறைய அதே பட்டியல்தான் என்பது மனதை வலிக்கச் செய்தது.

கடைசியில் எங்கள் தெரு இல்லத்தை நடத்துபவர் அனுமதி கேட்ட மனுவைத் திரும்பப் பெற்றார். ஆறு பேரும் இரண்டு மேற்பார்வையாளர்களும் என்றால், அரை மைலுக்குள் இன்னொரு இல்லம் இல்லாதவரை, மாநிலச் சட்டமே குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கிறது. அப்படியே தொடங்கினார்கள். மிச்சம் இரண்டு பேருக்கு இடமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் நான்கு பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் குடியிருந்திருந்தால் யாரும் தலையை எண்ணியிருக்க மாட்டார்கள்.

சிறையிலிருந்து வருகிறவர்களுக்கான ஹாஃப்வே ஹவுஸ் நிலைமை இதைவிட மோசம். தண்டனை பெற்றவர் என்பதற்காக மட்டும், வீடு கிடைப்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய அரசின் வீட்டுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. வேலை தேட பஸ் வேண்டும், கடை வேண்டும். இவர்களைக் கொண்டுபோய் குடோன்களுக்கு நடுவில் வைத்தால் எப்படித் திருந்தி வாழ்வார்கள்?

சியாட்டில் பக்கத்திலிருந்து:

தம்பி, படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் உடன்பிறந்த தம்பி குடியிலிருந்து மீண்டு, அப்படி மீண்டவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில்தான் இருக்கிறான். அங்கே வார்டன் கிடையாது. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. குடித்தால் அன்றைக்கே வெளியே. அவன் சமைக்க வேண்டிய நாளில் அத்தனை பேருக்கும் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். ஊரில் அம்மாவிடம் முதலில் "ஹாஸ்டல்" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். இப்போது அம்மாவே வீடியோ காலில் அந்த வீட்டுக்காரர்களை விசாரிக்கிறார்.

எங்களுக்குப் பக்கத்து ஊரான எட்மண்ட்ஸில் இதே மாதிரி வீட்டுக்காக வழக்கு நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்ற அமைப்பு; 1975இல் மேரிலாண்டில் தொடங்கியது. உறவினர் என்றால் எத்தனை பேரும் இருக்கலாம், உறவில்லாதவர் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்பது நகராட்சி விதி. அந்த விதியைக் காட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதுகாப்புத் தந்த 1988ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டத் திருத்தத்திலிருந்து நகராட்சி தப்பிக்க முடியாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதையிலிருந்து மீண்டவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். இன்னமும் சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவர்கள் வரமாட்டார்கள்.

உங்கள் ஊரில் மிச்சமான இரண்டு பேருக்கும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக விதியை நியாயமான அளவு தளர்த்தும்படி நகராட்சியிடம் எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம்.

டாலஸ் பக்கத்திலிருந்து:

ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கே நடத்துபவரைப் பார்த்துச் சொல்கிறேன். விசாரணைக்கு வந்தால் இந்த முறை நானும் பேசப் பெயர் கொடுப்பேன். அண்ணனையும் கூட்டிப்போகப் பார்க்கிறேன்.