துணைக்கோடு எங்கே போடுவது? பத்தாம் வகுப்பு வடிவியல்

வெண்ணாறு:
எல்லோருக்கும் வணக்கம். வலங்கைமான் பக்கம் பத்தாம் வகுப்புக்கு மாலை ட்யூஷன் எடுக்கிறேன். புத்தகத்துத் தேற்றங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள், ‘அமைப்பு’ வரியை (படத்தில் இல்லாத துணைக்கோட்டை நாமே போட்டுக்கொள்ளும் வரி) தாங்களே யோசித்து எழுத வேண்டிய கணக்கு வந்தால் பேனாவை வைத்துவிடுகிறார்கள். இப்போது சிக்கியிருப்பது இது:

ஏபிசிடி ஒரு சரிவகம். ஏபியும் டிசியும் இணை. ஏடியின் நடுப்புள்ளி எம். ஏபி + டிசி = பிசி என்றால் கோணம் பிஎம்சி 90° என நிரூபி.

ஒரு பையன் மூலைவிட்டம் ஏசியைப் போட்டுப் பார்த்து நின்றுவிட்டான். ஒரு பெண், சிடியை கே வரை நீட்டி, டிகே = ஏபி என்று எடுத்துக்கொண்டு, “பிகே கோடு எம் வழியாகச் செல்லும்” என்று எழுதி முடித்துவிட்டாள். விடை வருகிறது. ஆனால் எங்கேயோ இடிக்கிறது. எங்கே? எந்தக் கோட்டைப் போடுவது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அரசலாறு:
தம்பி, அந்தப் பெண் முக்கால் தூரம் சரியாக வந்துவிட்டாள். அவள் யோசித்த விதத்தை முதலில் பாராட்டுங்கள். ஏபி மேலே கிடக்கிறது, டிசி கீழே கிடக்கிறது, கணக்கு இரண்டையும் கூட்டச் சொல்கிறது. கூட்டல் என்று வந்தால் இரண்டையும் ஒரே கோட்டில் முனையோடு முனை சேர்த்து வைக்க வேண்டும். அதைத்தான் செய்திருக்கிறாள். மூலைவிட்டம் போட்ட பையனுக்கு ஏபி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது, அதனால்தான் நகரவில்லை.

இடிக்கிற இடம் “எம் வழியாகச் செல்லும்” என்பது. ஒரு நேர்க்கோட்டுக்கு நாம் கொடுக்க முடிந்தது இரண்டே நிபந்தனை: இரண்டு புள்ளிகள், அல்லது ஒரு புள்ளியும் ஒரு திசையும். பி, கே என்று இரண்டு புள்ளி கொடுத்ததும் கோடு முடிவாகிவிட்டது. எம் அதன் மேல் இருக்கிறதா என்பதை நாம் விதிக்க முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும்.

இதையே திருப்பி எழுதுங்கள்.
அமைப்பு: பிஎம்மை நீட்டுக. அது சிடியின் நீட்சியை கே-யில் சந்திக்கட்டும். (பிஎம், ஏபிக்கு இணையில்லை. ஆகவே டிசிக்கும் இணையில்லை, கட்டாயம் சந்திக்கும்.)
முக்கோணம் ஏபிஎம், டிகேஎம் இரண்டிலும்: ஏஎம் = டிஎம். எம்-இல் குத்தெதிர்க் கோணங்கள் சமம். ஏ, டி-யில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். கோ-ப-கோ (கோணம்-பக்கம்-கோணம்) விதிப்படி சர்வசமம். ஆகவே டிகே = ஏபி, பிஎம் = எம்கே.
சிகே = சிடி + டிகே = சிடி + ஏபி = சிபி. ஆக, பிசிகே இருசமபக்க முக்கோணம். எம் அதன் அடிப்பக்கமான பிகே-யின் நடுப்புள்ளி. உச்சியிலிருந்து வரும் நடுக்கோடு அங்கே செங்குத்தும்கூட. கோணம் பிஎம்சி 90°.

அவள் போட்ட அமைப்பையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஏபி, கேடி சமம், இணை. ஆகவே ஏபிடிகே இணைகரம். அதன் மூலைவிட்டங்கள் ஏடியும் பிகேயும் ஒன்றையொன்று இருசமக்கூறிடும், அதனால் எம் பிகே மேல் இருக்கிறது. இந்த வரி இல்லாமல் போனால் மதிப்பெண் வெட்டுவது நியாயம்தான்.

‘நடுப்புள்ளி’ என்று கணக்கில் பார்த்தால், அதன் வழியாகப் போகும் கோட்டை அதே அளவு மறுபக்கம் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக் கணக்குகள் அதிலேயே திறந்துகொள்ளும்.

குடமுருட்டி:
அண்ணன் சொன்ன வழியே எனக்கும் பிடித்தது. வேறொரு வழியும் இருக்கிறது. பிசியின் நடுப்புள்ளியை ‘என்’ என்போம். எம்என்னை இணைக்கவும். சரிவகத்தின் இணையில்லாப் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு, இணைப்பக்கங்களின் கூடுதலில் பாதி. எம்என் = (ஏபி + டிசி)/2 = பிசி/2 = என்பி = என்சி. அப்படியானால் ‘என்’ புள்ளியை மையமாக, பிசியை விட்டமாக வைத்து வரையும் வட்டத்தில் எம் இருக்கிறது. அரைவட்டக் கோணம் 90°. இரண்டே வரி. ஆனால் அந்தச் சரிவகத் தேற்றத்தைப் பிள்ளை முன்பே நிரூபித்திருக்க வேண்டும்.

எண் வைத்துச் சரிபார்க்க: ஏபி 4 செ.மீ., டிசி 9 செ.மீ., ஏடி இரண்டுக்கும் செங்குத்தாக 12 செ.மீ. அப்போது பிசி 13. பிஎம்மின் வர்க்கம் 16 + 36 = 52. சிஎம்மின் வர்க்கம் 81 + 36 = 117. கூட்டினால் 169. பிள்ளைகள் கண் விரியும்! ஆனால் நிரூபணத்துக்கு இந்தப் படத்தைப் போட விடாதீர்கள். டி-யில் செங்கோணத்தைப் பார்த்ததும் அதைக் கணக்கு கொடுத்ததாக நினைத்துப் பயன்படுத்திவிடுவார்கள். ஏடியைச் சாய்த்தே வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் வயலின் எஃப்எம்பி படம் (நில அளவை வரைபடம்) இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் உள்ளே குறுக்கே ஓடும் ஜி லைன் வயலில் எங்கேயும் கிடையாது. வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. கல்லுக்குக் கல் கோடு இழுத்து, வளைவுக்கெல்லாம் அதிலிருந்து செங்குத்து அளந்தால்தான் கோணல்மாணலான நிலம் முக்கோணமும் சரிவகமுமாகப் பிரிந்து பரப்பு கிடைக்கிறது. துணைக்கோடு என்றால் என்னவென்று அதைக் காட்டினாலே விளங்கும்.

வெண்ணாறு:
அண்ணன்களுக்கு நன்றி, இணைகரம் எனக்குத் தோன்றவே இல்லை. இதோடு ஒட்டிய சந்தேகம் ஒன்று. “முக்கோணம் ஏபிசியில் கோணம் பி = கோணம் சி எனில் ஏபி = ஏசி” என்பதற்கு, பிசியின் நடுப்புள்ளி டி எடுத்து ஏடியை இணைத்தான் ஒருவன். இரண்டு பக்கம் சமம், ஒரு கோணம் சமம், ஆகவே சர்வசமம் என்கிறான். கோடு சரியாகத்தானே போட்டிருக்கிறான்?

அரசலாறு:
கோட்டில் தப்பில்லை தம்பி. அவன் கையில் இருப்பது ப-ப-கோ (பக்கம்-பக்கம்-கோணம்). சமமான கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இல்லை. அது சர்வசம விதியே அல்ல. கவராயத்தை எடுத்துக் காட்டிவிடுங்கள்: 30° கோணம் வரைந்து, ஒரு கையில் 8 செ.மீ. குறித்து, அங்கிருந்து 5 செ.மீ. ஆரத்தில் வில் போட்டால் மற்றக் கையை உச்சியிலிருந்து சுமார் 3.9 செ.மீ., 9.9 செ.மீ. என இரண்டு இடத்தில் வெட்டும். அதே அளவுகள், இரண்டு வெவ்வேறு முக்கோணம்.

நடுக்கோட்டுக்குப் பதில் ஏ-யின் கோண இருசமவெட்டியைப் போட்டால் இரண்டு கோணமும் ஒரு பக்கமும் கிடைத்துவிடும். ஏ-யிலிருந்து பிசிக்குச் செங்குத்து போட்டாலும் அப்படியே. நடுக்கோடுதான் வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தால் விடுங்கள், அதிலும் வழி உண்டு. டி-யிலிருந்து ஏபிக்கும் ஏசிக்கும் செங்குத்துகள் போடச் சொல்லுங்கள். பிடி = டிசி, பி, சி கோணங்கள் சமம், இருபுறமும் ஒரு செங்கோணம். ஆகவே இரு செங்குத்துகளும் சம நீளம். நடுக்கோடு முக்கோணத்தின் பரப்பைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. பரப்பும் சமம், உயரமும் சமம் என்றால் அடிப்பக்கங்களான ஏபியும் ஏசியும் சமம்.