1711911600 என்பது எந்த நாள்?

இரவு முழுவதும் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றின் கணக்குப் பிரிவில் விற்பனை அறிக்கை தயாரிப்பது என் வேலை. எங்கள் பில் மென்பொருள் ஒவ்வொரு பில்லின் நேரத்தையும் தேதியாகச் சேமிப்பதில்லை; 1970 ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடிகள் கழிந்தன என்ற எண்ணாகவே சேமிக்கிறது. அந்த எண்ணை 86400ஆல் வகுத்து 25569ஐக் கூட்டினால் எக்செலில் தேதி வந்துவிடும் என்று எனக்கு முன்பு இருந்தவர் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 86400 என்பது ஒரு நாளின் நொடிகள். 25569 என்பது 1970 ஜனவரி 1க்கு எக்செல் தரும் நாள் எண். இரண்டிலும் பிழையில்லை. தேதியும் மணியும் நிமிடமும் ஒழுங்காக வந்ததால், நானும் பல மாதங்கள் அந்தச் சீட்டை நம்பியே அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2024 ஏப்ரலில் ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, மார்ச் 31இன் விற்பனை கல்லாக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பில் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டியதில், காய்ச்சல் மருந்து வாங்கிய ஒருவரின் பில்லில் ஏப்ரல் 1, இரவு 12.30 என்று அச்சாகியிருந்தது. என் அறிக்கையிலோ அதே பில் மார்ச் 31, மாலை 7 மணி என்று நின்றது. அதன் எண் 1711911600. சீட்டில் உள்ளபடி கணக்கிட்டால் 45382.79 வருகிறது, அதாவது மார்ச் 31. நம் நேரம் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், வகுப்பதற்கு முன் 19800 நொடிகளைக் கூட்டியிருக்க வேண்டும், அப்போது 45383.02, ஏப்ரல் 1.

இத்தனை நாள் இது கண்ணில் படாததற்குக் காரணம், ஒவ்வொரு மாதமும் தன் முதல் நாளின் அதிகாலை விற்பனையை முந்தைய மாதத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதத்தின் அதிகாலை விற்பனையைத் தான் எடுத்துக்கொண்டதுதான். மாத மொத்தம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆனால் மணிவாரி அறிக்கையில் மாலை 7 மணிக் கூட்டம் பிற்பகல் 1.30க்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்த முதலாளி மதிய உணவு இடைவேளையை மாற்றியமைத்தார் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

* * *

மேலே எழுதியவரின் பில் கதையைப் படித்தேன்; எனக்கு நேர்ந்தது வேறு வகை. பணியாளர் பேருந்துகளின் ஜிபிஎஸ் பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் உரைக் கோப்பாகப் பெறுகிறோம். அவை நொடியில் அல்ல, மில்லி நொடியில் இருக்கும். 10 இலக்கம் என்றால் நொடி, 13 இலக்கம் என்றால் மில்லி நொடி என்று அறியாமல் 86400ஆல் வகுத்தபோது, எக்செல் தாங்கும் 9999ஆம் ஆண்டையும் தாண்டிப்போய்க் கட்டம் முழுக்க ##### நிறைந்தது. அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிட்டது. 1000ஆல் வகுத்துச் சரிசெய்தேன்.

மோசமானது அடுத்து வந்தது. கோப்பை எக்செலில் வெறுமனே திறந்து சேமித்த ஒருவர் அதையே எனக்கு அனுப்பினார். 13 இலக்க எண்கள் எல்லாம் 1.71194E+12 என்று சுருங்கிவிட்டன, சேமித்ததும் அந்தச் சுருக்கமே கோப்பில் பதிந்துவிட்டது. விளைவாக, 2024 ஏப்ரல் 1 காலை 7 மணி முதல் 9.46 வரை கடந்த எல்லா நிறுத்தங்களிலும் பேருந்து சரியாக 8 மணி 23 நிமிடம் 20 நொடிக்கு நின்றதாக அறிக்கை வந்தது. தொலைந்த இலக்கங்களை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்கி, அந்த நெடுவரிசையை உரையாக இறக்குமதி செய்தேன்.

* * *

1970 ஜனவரி 1, காலை 5.30 என்ற தேதியை மேலே எழுதிய இருவரும் சொல்லவில்லையே! எண் பூஜ்யமாக இருந்தால் இந்திய நேரப்படி அந்தத் தேதிதான் வரும். ஒப்படைக்காத சரக்குகளின் ஒப்படைப்பு நேரத்தை எங்கள் மென்பொருள் வெற்றாக விடாமல் பூஜ்யமாக வைக்கிறது. நான் பிறப்பதற்கும் முன்பே பொதிகள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அறிக்கை காட்டியது. இப்போது பூஜ்யமாக இருந்தால் வெற்றாக விடு என்ற நிபந்தனையை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

* * *

தொடங்கியவனே மீண்டும் எழுதுகிறேன். எக்செலை விட்டுவிட்டு, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலேயே எண்ணைத் தேதியாக மாற்றி எடுக்கலாம் என்று மாறினேன். பழக்கத்தில் அங்கும் 19800ஐக் கூட்டிவிட்டேன். ஆனால் எண்ணைத் தேதியாக மாற்ற அங்குள்ள செயற்கூறு, தரவுத்தள இணைப்பின் நேர மண்டலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், எங்கள் சர்வரோ ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருந்தது. மாலை 6.30க்குப் பிந்தைய பில்கள் எல்லாம் இம்முறை மறுநாளுக்குத் தாவின. காய்ச்சல் மருந்து பில்லை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எந்த மாற்றம் செய்தாலும் முதலில் அந்த ஒரு பில் 12.30க்கு வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.