மின்னணு விபத்துப் பதிவுக்கு மாறிய மாதத்திலேயே கடுங்காயங்கள் கூடியது எப்படி?

எண்ணாளன் கேட்டது:

ஒரு பகுதியின் பத்து ஆண்டுச் சாலை விபத்து விவரங்களை ஆய்வு செய்து வருகிறேன். அங்குள்ள காவல் பிரிவுகள் காகிதப் படிவத்தைக் கைவிட்டு, கையடக்கக் கணினியில் நிரப்பும் புதிய முறைக்கு ஒன்றன்பின் ஒன்றாக மாறின. எந்தப் பிரிவு எப்போது மாறியதோ, அந்தப் பிரிவில் அந்த மாதம் முதல் கடுங்காயம் அடைந்தோர் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. உயிரிழந்தோர் எண்ணிக்கை அசையவில்லை. இன்னும் மாறாத பிரிவுகளில் இரண்டுமே பழையபடி இருக்கின்றன. சாலைகள் ஒரே மாதத்தில் இவ்வளவு கெட்டுப்போக வாய்ப்பில்லை என்பதால், இது பதிவு முறையின் விளைவு என்றே கருதுகிறேன். இதற்கு முன்னுதாரணம் உண்டா? பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே கோட்டில் இணைத்துக் காட்டலாமா?

புள்ளியும் கோடும் எழுதியது:

பிரிட்டனில் நடந்தது ஏறக்குறைய இதுவேதான். அங்கு விபத்து விவரங்கள் 'ஸ்டாட்ஸ்19' என்னும் பொதுப் படிவத்தின்படி திரட்டப்படுகின்றன. முன்பெல்லாம் காயம் லேசானதா கடுமையானதா என்பதைக் காவலரே தீர்மானித்து எழுதினார். 'கிராஷ்' என்ற மின்னணு முறையும், லண்டன் பெருநகரக் காவல் துறை 2016-இல் கொண்டுவந்த 'கோபா' என்ற முறையும் அந்தத் தீர்ப்பை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டன. காயத்தின் வகையை மட்டும் அவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். அது எந்த வகுப்பில் சேரும் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. காறை எலும்பு முறிந்தவர் தானாக எழுந்து நடப்பதைப் பார்த்து 'லேசான காயம்' என்று எழுதியிருக்கக்கூடிய அதே காவலர், இப்போது எலும்பு முறிவைத் தேர்ந்தெடுத்தவுடன் அது கடுங்காயக் கணக்கில் ஏறிவிடுகிறது. மரணத்தில் இத்தகைய ஊகத்துக்கு இடமில்லாததால் அந்த எண் நகர்வதில்லை. உங்கள் அட்டவணையும் இதையே சொல்கிறது.

ஆகவே ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம். அங்கு தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் உதவியுடன், பழைய முறையில் பதிவான ஒவ்வொருவரும் புதிய முறையில் பதிவாகியிருந்தால் கடுங்காயமாக வகைப்பட்டிருப்பதற்கான நிகழ்தகவைக் கணித்தார்கள். அதாவது பழைய ஆண்டுகளை மேலே உயர்த்தினார்களே தவிர, புதிய ஆண்டுகளைக் கீழே இறக்கவில்லை. திருத்திய எண், பதிவானபடியான எண் ஆகிய இரண்டும் வெளியிடப்படுகின்றன. பிரிவுகள் வெவ்வேறு மாதங்களில் மாறியது உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். உண்மையில் அதுதான் உங்கள் பெரிய வசதி, ஏனெனில் மாறாத பிரிவுகள் ஒப்பீட்டுக்குக் கிடைக்கின்றன.

பழைய எழுத்தர் எழுதியது:

நான் காவல் நிலையத்தில் விபத்துப் படிவங்களை எழுதியவன். காகிதத்திலும் எழுதினேன், திரையிலும் எழுதினேன். மேலே நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கடுமை என்ற ஒரு பத்தியை மட்டும் திருத்திவிட்டு மற்றவற்றை நம்பிவிடாதீர்கள்.

காகிதத்தில் தெரியாததை விட்டுவிடுவோம். திரையிலோ கட்டாயப் பத்தியை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. மழையில் நின்றுகொண்டு, பின்னால் வாகனங்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும்போது, பட்டியலில் முதலாவதாக இருப்பது எதுவோ அதைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். சாலையின் தன்மை, வெளிச்சம், ஓட்டுநரின் நிலை ஆகிய பத்திகளில் முதல் விடை திடீரென்று பெருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது இடம். கருவி தானே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக்கொள்வதால் துல்லியம் கூடும் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். நிலையத்துக்குத் திரும்பி வந்து, தேநீர் குடித்துவிட்டுப் படிவத்தை நிரப்பினால், விபத்து நடந்த இடமாக எங்கள் நிலைய வாசலே பதிவாகும். வரைபடத்தில் எங்கள் வாசல் கொடிய விபத்து முனையாகக் காட்சியளித்ததும், அதற்காக நான் வாங்கிய வசவும் தனிக்கதை.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். வாகனப் பதிவெண்ணைத் தந்தவுடன் வகையும் தயாரிப்பும் பதிவேட்டிலிருந்து வந்துவிடுவதால், எங்கள் கையெழுத்தால் விளைந்த பிழைகள் பெருமளவு ஒழிந்தன.

வழிகாட்டிக்கல் எழுதியது:

மென்பொருளோடு வரையறையும் மாறியதா என்பதைத் தனியே விசாரியுங்கள், எண்ணாளன். அமெரிக்காவில் 'கடுங்காயம் என ஐயுறத்தக்கது' என்ற வரையறையை எல்லா மாநிலங்களும் 2019 ஏப்ரல் 15-க்குள் ஏற்க வேண்டும் என்று கூட்டரசு விதித்தது. 'செயலிழக்கச் செய்யும் காயம்' என்ற மங்கலான பழைய சொல்லுக்குப் பதிலாக, முறிந்த கை கால், உடலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பரவிய தீக்காயம், சுயநினைவிழப்பு என்று அந்த வரையறை பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அத்தகைய மாற்றம் காகிதத்தில் நிகழ்ந்தாலும் எண்களை நகர்த்தும்.

மரண எண்ணிக்கையையும் முழுமையாக நம்ப வேண்டாம். பல நாடுகளில் விபத்துக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்களே அதில் சேர்வார்கள். மருத்துவமனையில் இருபதாவது நாளில் ஒருவர் இறந்தால், முடித்துவைத்த படிவத்தை யாராவது மீண்டும் திறந்து திருத்த வேண்டும். புதிய முறை அதற்கு எளிதில் இடம் தருகிறதா, அல்லது ஒப்புதலான பதிவைப் பூட்டிவிடுகிறதா என்று கேளுங்கள்.

எண்ணாளன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். காய வகை என்ற பத்தி புதிய முறையின் பதிவுகளில் மட்டுமே இருக்கிறது. வெளிச்சம் என்ற பத்தியில் முதல் விடையான 'பகல்', நள்ளிரவு விபத்துகளிலும் வந்திருக்கிறது. பழைய எழுத்தர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: பழைய காகிதப் பதிவுகளில் கடுமை காலியாக இருந்தால், அதைக் காயமில்லை என்று கொள்ளலாமா?

பழைய எழுத்தர் எழுதியது:

கூடாது, தம்பி. காயமில்லை என்றால் நாங்கள் 'இல்லை' என்று எழுதுவோம். காலியாக விட்டிருந்தால், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அவர்கள்தான் அதிகம் அடிபட்டவர்கள்.