இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோவில்கள் (சர்ச்): கல் வேலை பார்க்க எங்கே போகலாம்?

மயிலாடி உளி:
மகள் நார்விச்சில் நர்ஸ். பேரப்பிள்ளையைப் பார்க்க நானும் வீட்டுக்காரியும் மே மாதம் போகிறோம், ஆறு வாரம் தங்கல். நாற்பது வருஷம் மயிலாடியில் உளி பிடித்தவன் நான். அம்மியில் தொடங்கிப் பிள்ளையார் வரை கொத்தியாச்சு. நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவன் என்பது பிள்ளையாருக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொன்னதில்லை.

லண்டன் பார்க்க ஆசை இல்லை. அங்கே கிராமத்துக் கோவில்களைப் பார்க்க வேண்டும். மகள் அனுப்பிய போட்டோவில் ஒரு கோபுரம், கிணற்றைப் பிடுங்கி நிமிர்த்தி வைத்தது மாதிரி வட்டமாக நிற்கிறது. எங்கள் ஊரில் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1809-ல் கட்டின கோவில்தான் எனக்குப் பழசு. இது 900 வருஷப் பழசாம். ஏன் வட்டம்? எங்கெங்கே போகலாம்? முழங்கால் வலி உண்டு.

தக்கலை டு நார்விச்:
அண்ணாச்சி, நேரில் பார்த்தால் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நார்ஃபோக்கில் நம்ம ஊர் மாதிரிப் பாறை கிடையாது. வயலை உழுதால் சக்கிமுக்கிக் கல் வரும், அவ்வளவுதான். கைக்கு அடங்குகிற உருண்டைக் கல். வெளியே வெள்ளைத் தோல். உடைத்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடி. அதை வைத்து மூலை கட்ட முடியாது. மூலைக்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து, சில சமயம் பிரான்ஸிலிருந்தே கப்பலில் வரவேண்டும். மூலையே இல்லாமல் வட்டமாகக் கட்டிவிட்டால் செலவு மிச்சம். அப்படிப்பட்ட கோபுரம் இந்த ஒரு கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) மட்டும் 120-க்கு மேல் இருக்கிறது.

நீங்கள் முதலில் போக வேண்டியது பர்ன்ஹாம் டீப்டேல். கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது, வட்டக் கோபுரமும் உண்டு. ஆனால் கோபுரத்தை விடுங்கள், உள்ளே ஞானஸ்நானத் தொட்டியைப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டு, சதுரக் கல். மூன்று பக்கம் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு ஆள், ஒரு வேலை. ஜனவரிக்காரன் கொம்பில் குடிக்கிறான். ஆகஸ்டில் கதிர்க்கட்டு கட்டுகிறான், செப்டம்பரில் கதிர் அடிக்கிறான், நவம்பரில் பன்றி வெட்டு. டிசம்பரில் எல்லோரும் மேசையில் உட்கார்ந்து சாப்பாடு. ஆட்கள் குட்டை, தலை பெரிசு. கொத்தினவன் பெரிய சிற்பி இல்லை, ஆனால் வயல் வேலை தெரிந்தவன். நான் முக்கால் மணி நேரம் அந்தத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்புறம் ரான்வொர்த். கோபுரத்தில் 89 படி, அதற்கு மேல் ஏணி வேறு. உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம், அக்கா வேண்டுமானால் ஏறட்டும். கீழே பீடத்துக்கு முன்னால் 15-ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பு, அதில் புனிதர்களின் படங்கள். மிக்கேல் சம்மனசு (தேவதூதன்) நாகத்தை வெட்டுகிற படத்தில் நிறம் இன்னும் இருக்கிறது. காஸ்டனில் கூரை முழுக்கச் சிறகு விரித்த மரச் சம்மனசுகள், கழுத்து வலிக்கும்.

கட்டணம் எங்கேயும் இல்லை, காணிக்கைப் பெட்டி இருக்கும். பெரும்பாலும் பகலில் திறந்திருக்கும். ஆனால் நான் ஒரு கிராமத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு மழையில் நனைந்து திரும்பினேன். சாவி யாரிடம் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்து போட்டோவில்தான் பார்த்தேன்.

குறும்பனை:
மூலைக்கல் இல்லாததால் வட்டம் என்று எல்லோரும் சொல்வதுதான். அப்படியென்றால் அதே கோவிலின் சுவருக்கு மட்டும் மூலை எப்படி வந்தது மக்கா? சில இடத்தில் அந்த மூலையையும் சக்கிமுக்கிக் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது பிடித்திருந்தது, அதனால் கட்டினான் என்றும் சொல்கிறார்கள்.

நான் சொல்வது ஹேஸ்பரோ, கடற்கரைக் கிராமம். எழுத்தில் ஹாப்பிஸ்பர்க் மாதிரி இருக்கும், அப்படிச் சொன்னால் பஸ் டிரைவருக்குப் புரியாது. 110 அடிக் கோபுரம், கடலில் போகிறவர்களுக்கு அடையாளம். நம்ம ஆட்கள் மலையையும் கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து மீன் கிடக்கிற இடத்தைக் கணக்குப் பார்ப்பது மாதிரிதான். 1801-ல் அந்தப் பக்கம் மணல் திட்டில் தட்டி முங்கின இன்வின்ஸிபிள் என்ற போர்க்கப்பலின் ஆட்கள் 119 பேரை அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் போட்டிருக்கிறார்கள். மண் மேடு வருஷா வருஷம் கடலுக்குள் விழுகிறது, வீடுகள் போயாச்சு. விளிம்பில் நின்றபோது எங்கள் கரைதான் ஞாபகம் வந்தது. வித்தியாசம், அங்கே கல் கொட்டித் தடுப்பதற்குக் கூடப் பக்கத்தில் மலை இல்லை.

மயிலாடி உளி:
இரண்டு பேருக்கும் நன்றி. குறும்பனைத் தம்பி கேட்டது சரியான கேள்வி. ஆனால் சுவர் மூலை வேறு, கோபுர மூலை வேறு. இருபதடிச் சுவரில் பிசகினால் பூசி மறைக்கலாம். அறுபதடி உயரத்தில் எடை முழுக்க மூலையில் இறங்கும். சுண்ணாம்புச் சாந்து காயுமுன் மேலே ஏற்றினால் பிதுங்கிவிடும். நானாக இருந்தாலும் வட்டமாகத்தான் கட்டியிருப்பேன். போய்த் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தொட்டியைப் பற்றி வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். ஆகஸ்டில் கதிர்க்கட்டு என்றால் நம்ம கன்னிப்பூ நெல் அறுப்பு நேரம்தானே என்கிறாள். அவளுக்கு அங்கேதான் முதலில் போக வேண்டுமாம். டீப்டேலுக்கு நார்விச்சிலிருந்து ஒரே பஸ்ஸா, மாற வேண்டுமா?