மீடியம் மஞ்சளானது, நான் பயந்தது

மக்காச்சோள விதையிலிருந்து கருவைத் தனியே எடுத்து அகரில் (ஜெல்லி மாதிரி உறையும் ஊடகம்) வளர்த்தபோது நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முராஷிகே-ஸ்கூக் மீடியம் (செடித் திசு வளர்க்கும் சத்துக் கலவை), பிஎச், அதாவது அமில அளவு, 5.8; எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது. சும்மா பார்க்கலாமே என்று பிஎச்சைப் பொறுத்து நிறம் மாறும் புரோமோகிரசால் பர்ப்பிள் சாயத்தைக் கொஞ்சம் கலந்திருந்தேன். 5.2-க்குக் கீழே போனால் மஞ்சள், 6.8-க்கு மேலே ஊதா, நடுவில் ஒரு அழுக்கு நிறம்.

நான்காம் நாள் பாதிக் குழாய்கள் மஞ்சள். பாக்டீரியாவும் அமிலம் விடும் அல்லவா? கெட்டுப்போச்சு என்று மஞ்சளான அத்தனையையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) போட்டுக் கொட்டிவிட்டேன். மிச்சக் குழாய்களும் மஞ்சளானபோதுதான் லேபில் மூத்த அக்கா ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கல் இல்லை, படலம் இல்லை. மஞ்சள் வேரைச் சுற்றி உறை போட்டது போல இருந்தது; வேர் வளைந்த இடத்தில் மஞ்சளும் வளைந்திருந்தது. "இது வேர் பண்ணின வேலைப்பா" என்றார்.

இந்த மீடியத்தில் லிட்டருக்கு 1650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. வேர் அம்மோனியத்தை உள்ளே இழுக்கும்போது புரோட்டானை (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி) வெளியே தள்ளுகிறது, பிஎச் இறங்குகிறது. நைட்ரேட்டை இழுத்தால் புரோட்டானும் கூடவே உள்ளே போகிறது, பிஎச் ஏறுகிறது. அப்புறம் அம்மோனியமே இல்லாமல், நைட்ரேட் மட்டும் போட்டு வளர்த்தேன். வேரோரம் நல்ல ஊதா!

—

படிக்கவே வயிறு எரிகிறது. என் கதை பார்லி. மாவுச்சத்து கலந்த அகரில் கருவை வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு, மாவுச்சத்தைக் கருநீலமாக்கும் அயோடின் கரைசல் ஊற்றினேன். தட்டு முழுக்கக் கருநீலம், கரு இருந்த இடத்தில் மட்டும் வெளிறிய வட்டம். கரு விட்ட அமைலேஸ் என்ற நொதி அங்கிருந்த மாவைத் தின்றுவிட்டது. பக்கத்திலேயே கொதிநீரில் போட்டுக் கொன்ற கருவையும் வைத்திருந்தேன்; அதனடியில் வட்டம் விழவில்லை. எந்த மீட்டரும் வேண்டாம், கண்ணே போதும்.

—

கரு மீடியத்தை மாற்றுவதில் சர்க்கரையை யாரும் சொல்லவில்லையே. 3 சதவீதம் சுக்ரோஸ்தான் போட்டேன். இரண்டு வாரம் கழித்து மீடியத்தைப் பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கினால் செங்கல் நிறம். சுக்ரோஸுக்கு அந்த நிறம் வராது, குளுக்கோஸ், ஃபிரக்டோஸுக்குத்தான் வரும். செல்சுவரிலுள்ள இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிளக்கிறது. கரு வைக்காத குழாயிலும் லேசான பச்சை வந்தது, ஆட்டோகிளேவ் சூட்டிலேயே கொஞ்சம் உடைந்துவிடும். ஒரு மூலக்கூறு இரண்டானால் ஊடுபரவல் அழுத்தமும் (கரைசல் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் வேகம்) கூடும். ரொம்ப இளங்கருவுக்கு 8-12 சதவீதம் சர்க்கரை வைப்பதே அந்த அழுத்தத்துக்காகத்தான். அதனால் நாம் எடை போட்டுக் கலந்த கணக்கு முதல் நாளுக்குத்தான் சரி.

—

முதலில் எழுதியவன்தான். கொட்டும் முன் மீடியத்தில் ஒரு லூப் (கம்பி வளையம்) எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் நியூட்ரியன்ட் அகரில் இழுத்துப் பார்த்திருந்தால் பாக்டீரியா உண்டா இல்லையா என்று மறுநாளே தெரிந்திருக்கும். அந்தக் கருக்களை எடுக்க எனக்கு ஒரு முழுநாள் ஆனது.